நாற்காலிப் பட்டாளம்

ஸாவ்னிக், ஸ்லோவேனியா
3 செப்டம்பர் 1978

அன்புள்ள ஸ்டானே,

பத்து மாதமாக நீயும் எழுதவில்லை, நானும் எழுதவில்லை. யார் முதலில் எழுதுவது என்ற போட்டியில் அக்கா தோற்றுவிட்டாள் என்று நீ வைத்துக்கொள்ளலாம். எனக்கு உன்னிடம் ஒரு காரியம் ஆக வேண்டும்.

போன நவம்பரில், புது ஒயினும் வாத்துக் கறியுமாக நாம் கொண்டாடும் மார்ட்டின் நாள் விருந்தில், எங்கள் ஆலைத் தொழிலாளர்களின் ஊர்க்காவல் படையை நாற்காலிப் பட்டாளம் என்றாய். நாங்கள் நாற்காலி செய்கிறவர்கள்தான். அதில் எனக்கு வெட்கம் இல்லை. பதிலுக்கு நான், உன் சிப்பாய்கள் உன் பேச்சைக் கேட்பது முகாம் வாசலில் காவல் இருப்பதால்தான் என்றேன். நீ எழுந்த வேகத்தில் நாற்காலி சாய்ந்து அதன் முதுகு பிளந்தது. அம்மா அதை மாடியறையில் வைத்திருக்கிறார். விறகாக்கவும் விடவில்லை, ஒட்டவும் விடவில்லை.

விஷயத்துக்கு வருகிறேன். எங்கள் படையில் மூன்றாவது பிளட்டூனுக்குத் தலைவராக இருந்த லோய்ஸே குடலிறக்க அறுவை செய்துகொண்டு வீட்டில் படுத்திருக்கிறார். அந்த இடத்துக்கு நகராட்சிப் படைத் தலைமையகம் என்னைப் போட்டுவிட்டது. இரண்டு வருடத்துக்கு முன் நடந்த அதிகாரிகள் வகுப்பில் வரைபடப் பாடத்தில் நான் முதலாவதாக வந்தேனாம். வரைபடம் படிப்பது கணக்கு, ஆட்களை நடத்துவது கணக்கல்ல என்று சொல்லிப் பார்த்தேன். பணிவு என்று நினைத்துச் சிரித்தார்கள்.

என்னோடு சேர்த்து முப்பத்தொரு பேர். மூன்று அணி. மரமறுக்கும் பிரிவு ஒன்று, வார்னிஷ் அடிக்கும் பெண்கள் ஒன்று, பேக்கிங் பிரிவு ஒன்று. ஆலைக்கு ஆலை படை வேண்டும் என்று சட்டம் எழுதியவர்கள் எங்கள் டைரக்டர் ஹ்ரிபாரைப் பார்த்ததில்லை. அவர் மரமறுப்போர் அணியில் சாதாரணச் சிப்பாய். அவருக்கு மேலே அணித் தலைவர், ரம்பம் ஓட்டும் ஃபெலிக்ஸ். வாரநாட்களில் ஃபெலிக்ஸின் விடுப்புக்கு டைரக்டர் கையெழுத்துப் போடுகிறார். சனிக்கிழமைகளில் டைரக்டரின் முதுகில் ஃபெலிக்ஸ் சமையல் அடுப்பை ஏற்றுகிறார்.

நேற்று எனக்கு முதல் பயிற்சி.

"தோழர்களே, முடிந்தால் அந்த மேட்டுக்குப் போகலாமா?" என்று கேட்டேன்.

"போலாம்தான்," என்றார் ஃபெலிக்ஸ். "ஆனா எதுக்கு?"

விளக்கினேன். விளக்கி முடிப்பதற்குள் தூறல் போட்டது.

"மழை வருதுங்களே, கேன்டீன்ல உக்காந்து பேசிக்கலாமா?" என்றாள் வார்னிஷ் பிரிவின் இவாங்கா. போய் உட்கார்ந்தோம். மேடு அங்கேயே இருந்தது.

அக்டோபர் பதினான்காம் தேதி பெலா ஓடைக்கரையில் பெரிய பயிற்சி. லுப்லியானாவிலிருந்து குழு ஒன்று பார்க்க வருகிறது. சரியில்லை என்றால் மூன்றாவது பிளட்டூனைக் கலைத்து மற்ற இரண்டிலும் சேர்த்துவிடுவார்கள். நான் மறுபடியும் சமையல் கூடாரத்தில் ரொட்டி எண்ணப் போகலாம். அதற்கு நான் சந்தோஷப்பட வேண்டும். படவில்லை. இருபது வருடமாகத் திட்டப் பிரிவில் உட்கார்ந்து காகிதத்தில் கோடு போடுகிறேன். நான் போட்ட ஒரு கோட்டை முப்பது பேர் நடந்து காட்டுவதை ஒரே ஒரு தடவை பார்க்க வேண்டும் என்றிருக்கிறது. இதை உன்னிடம் மட்டும்தான் சொல்கிறேன்.

கட்டளை எப்படி இடுவது?

ஸ்லாவ்கா

*

நீஷ், செர்பியா
11 செப்டம்பர் 1978

தோழர் பிளட்டூன் தலைவி அவர்களுக்கு,

இப்படி ஆரம்பித்தால் நீ சிரிப்பாய் என்று உன் தம்பி மனைவி லில்யானா சொன்னாள். சிரித்திருக்க மாட்டாய். சரி, அக்கா.

நாற்காலி ஏற்கெனவே ஆடிக்கொண்டிருந்தது. அது என் தவறு இல்லை.

நீ முப்பது பேரிடம் பேசுகிறாய். அங்கேதான் கெட்டது. நீ மூன்று பேரிடம் பேசு. அந்த மூவர் ஆளுக்குப் பத்துப் பேரைப் பார்த்துக்கொள்வார்கள். மழையிலும் களைப்பிலும் ஒரு மனிதனால் மூன்று நான்கு பேரைத்தான் மனதில் வைத்திருக்க முடியும். படைகளை மும்மூன்றாக அடுக்கியிருப்பது அழகுக்காக இல்லை. என் பட்டாலியனில் ஐந்நூறு பேர். நான் பேசுவது நான்கு கம்பெனித் தலைவர்களிடம் மட்டும். ஐந்நூறாவது ஆளின் பெயர் எனக்குத் தெரியாது. தெரிய வேண்டியதும் இல்லை. அது அவன் அணித் தலைவனின் வேலை.

ஒருவருக்கு ஒரே தலைவர். டைரக்டருக்கு ஏதாவது சொல்ல வேண்டுமென்றால் ஃபெலிக்ஸிடம் சொல். நேரே டைரக்டரிடம் சொன்னால் ஃபெலிக்ஸை அந்த இடத்திலேயே பதவி நீக்கிவிட்டாய் என்று அர்த்தம்.

என்ன ஆக வேண்டும், எப்போதுக்குள் ஆக வேண்டும் என்று சொல். எப்படி என்பதை அவர்களிடம் விட்டுவிடு. மேட்டுக்கு எந்தக் காலை முதலில் வைத்து ஏறுவது என்று நீ சொல்ல ஆரம்பித்தால் பொழுது சாய்ந்துவிடும்.

'முடிந்தால்' என்ற சொல்லை வீட்டில் வைத்துவிட்டுப் போ.

ஸ்டானே

*

ஸாவ்னிக்
24 செப்டம்பர் 1978

அன்புள்ள ஸ்டானே,

சிரிக்கவில்லை. லில்யானாவிடம் சொல்லாதே.

நீ சொன்னபடி மூன்று பேரிடம் மட்டும் பேசினேன். ஆச்சரியமாக இருக்கிறது, வேலை செய்கிறது. 'பத்து மணிக்குள் மேட்டின் மேல் இருக்க வேண்டும்' என்று இவாங்காவிடம் சொன்னேன். ஒன்பதே முக்காலுக்கு அங்கே உட்கார்ந்து ரொட்டி தின்றுகொண்டிருந்தார்கள்.

டைரக்டர் விஷயத்தில்தான் கொஞ்சம் தடுமாற்றம். திங்கட்கிழமை உற்பத்தித் திட்டத்தை எடுத்துக்கொண்டு அவர் அறைக்குப் போனேன். கையெழுத்துப் போடாமல் பேனாவை உருட்டிக்கொண்டிருந்தார்.

"தோழர் ஸ்லாவ்கா, அந்த அடுப்பை வேற யாராச்சும் தூக்கக் கூடாதா? எனக்கு இடுப்பு வலி."

"ஃபெலிக்ஸிடம் கேளுங்கள், தோழர் டைரக்டர்."

"ஃபெலிக்ஸ்கிட்டயா? அவன் இந்த அறைக்கு வந்தா தொப்பியக் கழட்டிட்டு நிப்பான்."

"சனிக்கிழமை நீங்கள் கழற்றுங்கள்."

என்னைப் பார்த்தார். பிறகு கையெழுத்துப் போட்டார். நான் அப்படிப் பேசுகிறவள் இல்லை. வெளியே வந்து தாழ்வாரத்தில் சிறிது நேரம் நின்றேன்.

ஆனால் ஒரு சங்கடம் இருக்கிறது. உனக்குச் சிரிப்பு வரலாம், கோபமும் வரலாம். ஃபெலிக்ஸின் அணி எந்தக் கட்டளைக்கும் முன்னால் கூட்டம் போடுகிறது. ஆலையில் முப்பது வருடமாக எல்லாவற்றையும் தொழிலாளர் மன்றத்தில் பேசி, கை தூக்கி முடிவு செய்து பழகியவர்கள். புது ரம்பம் வாங்குவது, கேன்டீனில் சூப்பை மாற்றுவது எல்லாம் ஓட்டுக்கு விட்டுத்தான். நேற்று 'வேலியோரம் போய்ப் படுக்கவும்' என்று சொல்லி அனுப்பினேன். தூரத்திலிருந்து பார்த்தால் பத்துப் பேரும் வட்டமாக நிற்கிறார்கள். கை தூக்குகிறார்கள். எண்ணுகிறார்கள். அப்புறம் போய்ப் படுக்கிறார்கள்.

"என்ன ஃபெலிக்ஸ் அது?" என்று கேட்டேன்.

"ஏழு பேர் ஆதரவு, ரெண்டு பேர் எதிர்ப்பு, ஒருத்தர் நடுநிலை," என்றார் பெருமையோடு. "நிறைவேறிடுச்சுங்க தோழர்."

"யார் நடுநிலை?"

"டைரக்டர்தான். வேற யாரு?"

ஸ்லாவ்கா

*

நீஷ்
1 அக்டோபர் 1978

அக்கா,

சிரிப்பு வரவில்லை. படித்ததும் எழுந்து நடந்தேன்.

இதை உடனே நிறுத்து. இன்று ஏழுக்கு இரண்டு. நாளை இரண்டுக்கு ஏழு என்று வந்தால் என்ன செய்வாய்? உண்மையான எதிரி துப்பாக்கியோடு நின்றால் எண்ணி முடிக்கிறவரை அவன் காத்திருப்பானா?

வழி சொல்கிறேன். அணிகளைக் கலைத்துப் போடு. ரம்பம், வார்னிஷ், பேக்கிங் மூன்றிலிருந்தும் மூன்று நான்கு பேராக எடுத்து ஒவ்வொரு அணியிலும் கலந்து வை. கூடிப் பழகியவர்கள் கூட்டம் போடுவார்கள். கலைந்தவர்கள் கட்டளைக்குக் காத்திருப்பார்கள். எங்கள் ராணுவத்தில் நம் நாட்டின் ஆறு குடியரசுகளிலிருந்தும் பையன்களைக் கலந்து வைப்பது சும்மா இல்லை.

என் கம்பெனித் தலைவர்கள் நால்வரும் நான் சொல்லி முடித்ததும் 'புரிந்தது' என்பார்கள். அவ்வளவுதான். இங்கே வந்து இரண்டு வருடம் ஆகிறது. ஒருவரும் ஒரு கேள்வி கேட்டதில்லை.

ஸ்டானே

*

ஸாவ்னிக்
7 அக்டோபர் 1978

அன்புள்ள ஸ்டானே,

கலைக்க மாட்டேன். காரணம் சொல்கிறேன், கேட்க உனக்குப் பொறுமை இருந்தால்.

ரம்ப அறையில் பக்கத்தில் நிற்பவன் கத்தினாலும் காதில் விழாது. அங்கே இருபது வருடம் இருந்தவர்கள் கையாலேயே பேசுகிறார்கள். பலகை வருகிறது, நிறுத்து, விரலைப் பார், பீர் குடிக்கப் போகலாம் என்று எல்லாவற்றுக்கும் சைகை இருக்கிறது. அவர்களைப் பிரித்தால் எனக்குப் பத்து ஊமைகள்தான் மிஞ்சுவார்கள். இவாங்காவின் பெண்களில் ஒருத்தி களைத்தால் இன்னொருத்தி கேட்காமலே பையை வாங்கிக்கொள்கிறாள். அதை நான் எந்தக் கட்டளையால் உண்டாக்குவேன்?

ஆனால் ஓட்டு விஷயத்தில் நீ சொல்வது சரி. அதற்கு வேறு வழி யோசிக்கிறேன். இன்னும் ஒரு வாரம் இருக்கிறது. எனக்குத் தூக்கம் சரியில்லை.

இன்னொன்று. கோபப்படாதே. இரண்டு வருடத்தில் ஒரு கேள்விகூட வரவில்லை என்று எழுதியிருக்கிறாய். நான் எழுதும் திட்டத்துக்கு ஒரு மாதம் ஆட்சேபம் வராமல் இருந்தால் எனக்குப் பயம் வந்துவிடும். யாரும் அதைப் படிக்கவில்லை என்று அர்த்தம்.

ஸ்லாவ்கா

*

ஸாவ்னிக்
16 அக்டோபர் 1978

அன்புள்ள ஸ்டானே,

முடிந்தது. முதலில் முடிவைச் சொல்லிவிடுகிறேன். உனக்கு நடுவிலிருந்து கதை கேட்கும் பொறுமை சின்ன வயதிலேயே கிடையாது. பிளட்டூனைக் கலைக்கவில்லை. நானே அதன் தலைவி. ஒரு சமையல் அடுப்பைப் பறிகொடுத்தோம்.

வெள்ளிக்கிழமை வேலை முடிந்ததும் எல்லோரையும் கேன்டீனுக்கு வரச் சொன்னேன். சுவரில் வரைபடத்தை மாட்டி, நாளை என்ன ஆக வேண்டும் என்று சொன்னேன். ஒன்பது மணிக்குள் ஓடையின் அக்கரையில் எல்லோரும் இருக்க வேண்டும். பிறகு, 'இதில் என்ன கோளாறு? இப்போதே சொல்லுங்கள்' என்றேன்.

அடேயப்பா! ஒரு மணி நேரம் பேசினார்கள். அடுப்பு முதலில் போனால் பின்னால் வருபவர்களுக்கு வழி அடைபடும், கடைசியில் போகட்டும் என்றாள் இவாங்கா. சரி என்று மாற்றினேன். அக்கரையில் ஏறும் இடம் வழுக்கும், கயிறு வேண்டும் என்றார்கள் பேக்கிங் ஆட்கள். அவர்களிடம் இல்லாத கயிறா? அதையும் சேர்த்தேன். சாப்பாட்டுக்கு மாட்டு இறைச்சியா பன்றியா என்றும் ஒருவர் ஆரம்பித்தார். அதை மட்டும் தள்ளுபடி செய்தேன்.

எல்லோரும் ஓய்ந்த பிறகு சொன்னேன்: "இப்போது ஒரு தீர்மானம். நாளை காலை முதல் பயிற்சி முடியும்வரை கூட்டம் கிடையாது, ஓட்டு கிடையாது. யார் யார் ஆதரவு?"

எல்லோரும் ஃபெலிக்ஸைப் பார்த்தார்கள். பிறகு ஃபெலிக்ஸ், "இது நல்லாருக்கே! ஓட்டுப் போட மாட்டோம்னு ஓட்டு! ரெண்டு கையும் தூக்கட்டுங்களா?" என்றார். சிரித்துக்கொண்டே எல்லாக் கைகளும் மேலே போயின.

"நான் கொள்கை அளவுல ஆதரிக்கிறேன்," என்றார் டைரக்டர்.

"கொள்கை அளவுல கைய எவ்வளவு ஒசரம் தூக்கணும் தோழர் டைரக்டர்?" என்றாள் இவாங்கா. அவரும் முழுதாகத் தூக்கினார்.

மறுநாள் காலை ஓடையில் மழைத் தண்ணீர் சத்தமாக ஓடிக்கொண்டிருந்தது. நான் இவாங்காவின் அணியோடு முதலில் இறங்கி அக்கரை போய்விட்டேன். தலைவர் நடுவில் இருக்க வேண்டும் என்று நீ சொல்வாய். தெரியும். பேக்கிங் அணியும் கயிற்றைப் பிடித்துக்கொண்டு வந்து சேர்ந்தது. ஃபெலிக்ஸின் ஆட்கள் கரை வரை வந்து நின்றுவிட்டார்கள். காரணம் பாலம். சற்று மேலே நம் பழைய மரப்பாலம் இருக்கிறதே, அது எதிரி குண்டால் தகர்ந்துவிட்டதாக நடுவர்கள் வெள்ளை நாடா கட்டியிருந்தார்கள். ஆனால் பாலம் அப்படியே, காய்ந்து, கைப்பிடியோடு நிற்கிறது. மரம் அறுக்கிறவனுக்கு நல்ல மரத்தைப் பார்த்துக்கொண்டே தண்ணீரில் இறங்க மனம் வருமா?

வட்டம் கட்டினார்கள்.

மேட்டில் லுப்லியானா குழுவின் ஜீப். அதிலிருந்து உயரமான கர்னல் ஒருவர் இறங்கித் தொலைநோக்கியை எடுத்தார். கத்தினேன். ஓடைச் சத்தத்தில் என் குரல் எனக்கே கேட்கவில்லை. திரும்பத் தண்ணீரில் இறங்கி அவர்களிடம் போய் விளக்கலாமா என்று ஒரு கணம் நினைத்தேன். விளக்கினால் அது கூட்டத்தில் இன்னொரு பேச்சாகத்தான் இருக்கும்.

கையைத் தூக்கினேன். ஓட்டுக்குத் தூக்குவது போல, நேராக. அப்படியே வைத்துக்கொண்டு நின்றேன். வேறொன்றும் செய்யவில்லை.

முதலில் பார்த்தவர் டைரக்டர். ஃபெலிக்ஸின் தோளைத் தட்டினார். ஃபெலிக்ஸ் திரும்பிப் பார்த்தார், பாலத்தைப் பார்த்தார், மறுபடி என் கையைப் பார்த்தார். முந்தின நாள் தூக்கிய கை அவருக்கு நினைவு வந்துவிட்டது என்று நான் நின்ற இடத்திலிருந்தே தெரிந்தது, ஏனென்றால் தொப்பியைத் தூக்கித் தலையைச் சொறிந்தார். பிறகு ரம்ப அறைச் சைகை ஒன்று செய்தார். பலகை வருகிறது, எல்லோரும் பிடியுங்கள் என்பதற்கான சைகை. பத்துப் பேரும் ஒரே நேரத்தில் தண்ணீரில் இறங்கினார்கள். நான் போட்ட கோட்டின் மேல் நடந்து வந்தார்கள், ஸ்டானே. மார்பளவு தண்ணீரில், திட்டிக்கொண்டே.

கடைசியில் டைரக்டர், அடுப்போடு. நடு ஓடையில் கால் இடறியது. அடுப்பா ஆளா என்று வந்தபோது ஃபெலிக்ஸ் ஆளைப் பிடித்துக்கொண்டார். வெறும் தகரப் பெட்டிதானே, அடுப்பு ஆலை இருக்கும் திசையில் மிதந்து போனது.

"விட்டுட்டியேடா ஃபெலிக்ஸ்!" என்று டைரக்டர் கத்தினார்.

"உங்களையா அதையான்னு ஓட்டுக்கு விட நேரம் இல்லீங்க!"

ஒன்பதுக்கு இரண்டு நிமிடம் இருந்தது. அன்று எல்லோருக்கும் பன்றிக்கொழுப்பு தடவிய ரொட்டியும் பச்சை வெங்காயமும்தான். ஒருவரும் முணுமுணுக்கவில்லை.

கர்னல் என்னிடம் வந்தார். "அந்தக் கைச் சைகை எந்தக் கையேட்டுல இருக்கு?"

"எங்கள் ஆலையில் இருக்கிறது," என்றேன்.

கொஞ்சம் யோசித்துவிட்டு எதையோ எழுதிக்கொண்டு போனார். இன்று முடிவு வந்தது. 'போதுமானது.' இவாங்கா கொதிக்கிறாள். "போதுமானதா? எங்க வார்னிஷப் பத்தி ஒருத்தன் அப்படிச் சொல்லட்டும் பாப்போம்!" எனக்கோ நாள் முழுதும் சிரிப்பை அடக்க முடியவில்லை. திட்டப் பிரிவில் என்ன விசேஷம் என்று கேட்கிறார்கள்.

ஸ்லாவ்கா

*

நீஷ்
27 அக்டோபர் 1978

அன்புள்ள அக்கா,

உன் கடிதத்தை லில்யானாவுக்குச் சத்தமாகப் படித்துக் காட்டினேன். அடுப்பு மிதந்த இடத்தை இரண்டு தடவை படிக்கச் சொன்னாள்.

தலைவர் நடுவில் இருக்க வேண்டும். இதை எழுதாமல் விட்டால் எனக்குத் தூக்கம் வராது.

இப்போது இங்கே நடந்ததைக் கேள். ஆட்சேபம் வராவிட்டால் யாரும் படிக்கவில்லை என்று எழுதியிருந்தாய். அது முள் மாதிரி இருந்தது. செவ்வாய்க்கிழமை நால்வரையும் கூப்பிட்டேன். அபாய அழைப்பு வந்தால் எந்தக் கம்பெனி எங்கே கூட வேண்டும் என்று நான் போட்ட திட்டத்தை விரித்தேன். "இதுல என்ன கோளாறு?" என்று கேட்டேன்.

நான்கு பேரும் என் மேசையைப் பார்த்தார்கள். காபி வரவழைத்தேன். காபி ஆறியது. கடைசியில் மூன்றாவது கம்பெனியின் ரிஸ்தோ, பிட்டோலா ஊர்க்காரன், தொண்டையைச் செருமினான்.

"தோழர் மேஜர், எங்க கம்பெனி கூடுற இடம் ஆத்துப் படுகைல இருக்கு. மார்ச் வந்தா அங்க முட்டளவு தண்ணி."

"போன ரெண்டு மார்ச்சும் அங்கதான் கூடினோம்னு எனக்குத் தகவல் வந்துச்சே?"

"தகவல் அங்கேருந்துதான் வந்துச்சு. ரேடியோக்காரனை மட்டும் ரப்பர் பூட்ஸ் போட்டு அனுப்பிடுவோம். நாங்க சர்ச்சுக்குப் பின்னாடி மேட்டுல நின்னுக்குவோம்."

"ஏம்ப்பா சொல்லல?"

"நீங்க கேக்கலையே, தோழர் மேஜர்."

எனக்குக் கோபம் வந்திருக்க வேண்டும். அந்த ரப்பர் பூட்ஸ் பையன் தண்ணீரில் தனியாக நின்று, 'நூற்றுப் பத்துப் பேரும் வந்து சேர்ந்துவிட்டோம்' என்று சொல்வதை நினைத்தேன். சிரித்துவிட்டேன். நால்வரும் முதலில் பயந்தார்கள், பிறகு அவர்களும் சிரித்தார்கள். அப்புறம் வாய் மூடவில்லை. மாலை வரை பேசினார்கள். திட்டத்தில் பாதியை மாற்றியிருக்கிறேன். ஓட்டுக்கு விடவில்லை. அதில் மட்டும் உறுதியாக இருந்தேன்.

அந்தப் பையன் பெயர் எமின். விசாரித்துத் தெரிந்துகொண்டேன்.

நவம்பர் பதினொன்று சனிக்கிழமை வருகிறது. எனக்கு நான்கு நாள் விடுப்பு இருக்கிறது. முடிந்தால் நாங்கள் மார்ட்டின் நாளுக்கு அங்கே வரலாமா? உங்களுக்குச் சிரமம் இல்லையென்றால். அம்மாவிடமும் கேட்டுப் பார்.

உன் தம்பி
ஸ்டானே

*

ஸாவ்னிக்
2 நவம்பர் 1978

அன்புள்ள ஸ்டானே,

'முடிந்தால்' என்ற சொல்லை வீட்டில் வைத்துவிட்டு வா.

அம்மாவிடம் உன் கடிதத்தைக் காட்டினேன். "கேட்டுப் பார்னு எழுதியிருக்கானா? எவன் வீட்டுக்கு வர எவன் கேக்கறது?" என்றார். அப்புறம் வாத்து எத்தனை கிலோ வாங்குவது என்று மூன்று நாளாக என்னோடு வாதாடிக்கொண்டிருக்கிறார். அதில் ஓட்டெடுப்புக்கெல்லாம் இடமில்லை.

மாடியறையிலிருந்து நாற்காலியை இறக்கிக் கொண்டுவந்தது அம்மாதான். நான் சொல்லவில்லை. ஃபெலிக்ஸ் வந்து பிளவைப் பார்த்தார். "இது ஆடிக்கிட்டுதான் இருந்திருக்கு," என்றார். உன் கட்சிக்கு ஒரு சாட்சி கிடைத்துவிட்டது. பசை போட்டு இறுக்கிக் கட்டி வைத்துவிட்டுப் போனார். இவாங்கா நேற்று வந்து வார்னிஷ் அடித்தாள். போதுமானது என்று யாராவது சொல்லட்டும் பார்ப்போம் என்று சொல்லிவிட்டுப் போனாள்.

விருந்துக்கு அவர்களையும் அழைத்திருக்கிறேன். டைரக்டரும் வருகிறார். அவர் உன்னிடம் இடுப்பைப் பற்றிப் பேசுவார், காது கொடுத்துக் கேள். அவருக்கு நேரே எதுவும் சொல்லாதே. ஃபெலிக்ஸ் வழியாகச் சொல்.

இனி கட்டளை. பதினொன்றாம் தேதி, மதியம் பன்னிரண்டு மணிக்கு, மேசையில் உன் நாற்காலி காலியாக இருக்கக் கூடாது. எந்த ரயிலில் எப்படி வருவது என்பது உன் பொறுப்பு.

ஸ்லாவ்கா